வேலை இடத்தில் நேர்மை: தோட்டப்புறத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருபத்தாறு வருடம் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, சம்பள சிலிப்பையும் ஆபீஸ் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் படித்து விளக்கம் சொல்கிறேன். வாரா வாரம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஆலை, லோரி கம்பெனி, பட்டணத்து மளிகைக்கடை, எங்கே வேலை செய்கிறவராக இருந்தாலும் இது உதவும்.

வேலையில் தவறான நடத்தை என்றால் திருட்டு மட்டும்தானே?

இல்லை. 1955-ஆம் வருட வேலைச் சட்டம், பிரிவு 14, வேலை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்கு ஒத்துவராத நடத்தை என்று பொதுவாகத்தான் சொல்கிறது. நிபந்தனை எழுத்தில் இருக்கலாம், எழுதாமலே எல்லோருக்கும் புரிந்ததாகவும் இருக்கலாம். ஆக, டீசல் உறிஞ்சி விற்பது, உர மூட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளுவது, வராதவருக்குப் பெயர் போடுவது, பொய் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), வேலை நேரத்தில் குடித்துவிட்டு வருவது, பெண்களிடம் அசிங்கமாகப் பேசுவது, வேலைக்காரரை அடிப்பது, எல்லாம் இதில் வரும். மேலே இருப்பவருக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேனேஜரும் சம்பளம் வாங்குகிற ஆள்தான்.

சின்ன விஷயம்தானே, எல்லா தோட்டத்திலும் நடக்கிறது. இதைப் போய் பெரிதாக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சின்ன கிராணி, வயது இருபத்திரண்டு. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) முடிந்ததும் மண்டோர் (மேஸ்திரி) தன் பாக்கெட் புத்தகத்தைக் கொண்டு வருவார், அதைப் பார்த்து நான் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏற்ற வேண்டும். ஒரு நாள் மண்டோர் சொன்னார்: "தம்பி, அவன் அம்மா செத்துப்போய் கெடாவுக்குப் போயிருக்கான், நாலு நாள் பேர் போட்டுடு, பாவம்." நல்ல மனிதர், என் அப்பாவோடு ஒரே லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) வளர்ந்தவர். போட்டேன். சாவு வீட்டுக்குப் போனவனுக்கு நாலு நாள் சம்பளம் கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதத்தில் செக்ரோலில் இரண்டு பெயர்கள் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டன. அந்த இருவரையும் நான் கண்ணால் பார்த்ததே இல்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் முதல் பொய்யை எழுதியதே என் கைதான். அப்புறம் ஒரு சம்பள நாளில் பழம் வெட்டுகிறவர் ஒருவருடைய மனைவி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். உதிரிப் பழம் பொறுக்குகிறவர், விரல் நுனியெல்லாம் முள் குத்திக் கறுத்திருக்கும். மகனுடைய கட்டம் போட்ட கணக்கு நோட்டை ஜன்னல் கட்டையில் விரித்து வைத்தார். தினமும் புருஷன் வெட்டிய குலைகளை ஐந்தைந்தாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். "ஐயா, என் கணக்கில் ஆயிரத்து நூற்று நாற்பது இருக்கு, உங்க சிலிப்பில் ஆயிரத்து அறுபத்திரண்டு."

எழுபத்தெட்டு குலை. அது எங்கே போயிருக்கும் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட வேண்டுமென்றால் அவன் குலை வெட்டியதாகக் காட்ட வேண்டும், அந்தக் குலை வானத்திலிருந்து வராது. ஒவ்வொரு வெட்டுக்காரர் கணக்கிலிருந்தும் தினம் மூன்று, நாலு என்று கிள்ளி அந்தப் பெயர்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் நினைத்த பொய், அந்த அம்மா வீட்டு அரிசியைத் தின்றுகொண்டிருந்தது. அன்று மாலையே பெரிய கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்து உட்பட. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், மண்டோருக்கு வேலை போனது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டம் போட்ட நோட்டுதான் என் கண் முன்னால் வரும்.

இன்றைய சட்டத்தில் இது சாதாரண விஷயமும் இல்லை. பொய்க் கணக்கு, பொய் ரசீது, பொய் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காட்டி முதலாளியை ஏமாற்றுவது 2009-ஆம் வருட ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் பிரிவு 18-இல் வரும். கம்பெனிப் பொருளை, பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கிற வேலைக்காரர் கையாடினால் தண்டனைச் சட்டம் பிரிவு 408, குறைந்தது 1 வருடம், அதிகபட்சம் 14 வருடம் சிறை, பிரம்படியும் உண்டு.

தப்பு செய்கிறவர் என் சொந்த மாமா. எப்படிப் புகார் கொடுப்பேன்?

தோட்டத்தில் இதுதான் உண்மையான கஷ்டம், சட்டம் படித்தவர்களுக்கு இது புரிவதில்லை. மண்டோர் மாமன், லோரி டிரைவர் மச்சான், ஸ்டோர் கிராணி பெண் கொடுத்த வீடு. நாளைக்கு ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரே தீமிதிக்குக் காப்புக் கட்ட வேண்டும். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

நான் சொல்வது இதுதான். முதலில் நேரில், தனியாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "மாமா, இது எனக்குத் தெரியும், நிறுத்திடுங்க, இல்லாட்டி நான் சொல்ல வேண்டி வரும்." நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள், யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தானே செய்கிறார்கள். நிற்கவில்லை என்றால் மேலே சொல்லுங்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் இந்த ஒரு முறைகூட வேண்டாம்: ஒரு பெண்ணையோ பிள்ளையையோ தொட்ட விஷயம், உயிருக்கு ஆபத்தான விஷயம். அங்கே உறவு பார்த்து எச்சரிப்பது தப்பித்துக்கொள்ள நேரம் கொடுப்பதாகிவிடும்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று: சொந்தக்காரரின் ஓ.டி.யைச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளும்படி விடாதீர்கள். உறவு இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் தப்பு. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கையெழுத்தை வேறொருவரிடம் மாற்றிவிடுங்கள்.

தீபாவளிக்கு குத்தகைக்காரர் பரிசுக்கூடை அனுப்புகிறார். வாங்கலாமா?

முறுக்குத் தட்டும் ஒரு டப்பா பிஸ்கட்டும் என்றால் ஆபீஸ் மேசையில் வைத்து எல்லோரும் சாப்பிடுங்கள். பணப் பொட்டலம், பிள்ளைக்குக் கைப்பேசி, கோல்ட் காயின் என்றால் திருப்பி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்று உண்டு: இதே ஆள், நீங்கள் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் இதைக் கொடுப்பாரா? கம்பெனிக்கு இதில் எழுதப்பட்ட விதி இருந்தால் அதுதான் முடிவு.

கோப்பிக் காசு அரசாங்க ஆட்களுக்குக் கொடுத்தால்தானே லஞ்சம்? தனியார் கம்பெனிக்குள் என்ன?

தப்பான நினைப்பு. ஊழல் தடுப்புச் சட்டம் தனியாருக்கும் அப்படியே பொருந்தும். ஆலை எடைமேடையில் டன் கணக்கைக் கூட்டி எழுத ஐம்பது ரிங்கிட் கொடுத்தாலும் லஞ்சம்தான், குத்தகை வாங்கித் தர மேனேஜருக்குக் கமிஷன் கொடுத்தாலும் லஞ்சம்தான். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் மாட்டுவார்கள்: 20 வருடம் வரை சிறை, லஞ்சத் தொகையைப் போல் குறைந்தது 5 மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அந்த அபராதம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பிரிவு 25. யாராவது உங்களுக்கு லஞ்சம் கொடுக்க வந்தால், அல்லது உங்களிடம் கேட்டால், அதைத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. நான் வாங்கவில்லை, அதோடு முடிந்தது என்று பேசாமல் இருக்க முடியாது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 1-800-88-6000.

முதலாளிகளுக்கு: 1 ஜூன் 2020 முதல் பிரிவு 17ஏ நடைமுறையில் இருக்கிறது. கம்பெனியின் ஆள் கம்பெனிக்கு லாபம் கிடைக்க லஞ்சம் கொடுத்தால் கம்பெனியும் குற்றவாளி, இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும். லஞ்சத்தைப் போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது குறைந்தபட்ச அபராதம். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது சுலபமில்லை. முன்கூட்டியே தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்திருந்தேன் என்று காட்ட வேண்டும். லோரி மூன்றே மூன்று வைத்து ஓட்டுகிற செண்டிரியான் பெர்ஹாட்டுக்கும் (தனியார் கம்பெனிக்கும்) இது உண்டு, பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மண்டோர் தொடுவதில்லை, வாயால் மட்டும்தான் அசிங்கமாகப் பேசுகிறார். அது பாலியல் தொல்லையா?

ஆமாம். வேலைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது: விருப்பமில்லாத பாலியல் நடத்தை வார்த்தையால் இருக்கலாம், சைகையால் இருக்கலாம், படம் காட்டுவதாக இருக்கலாம், உடலால் இருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்சப்பில் வருகிற படமும் அதில் சேரும். ஆண் பெண் இருபாலருக்கும் பாதுகாப்பு உண்டு, எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பதும் முக்கியமில்லை.

தனி நிரையில் மருந்து அடிக்கப் போகிற பெண்களை யார் எந்த நிரைக்கு அனுப்புகிறார் என்று பாருங்கள், விஷயம் பாதி அங்கே இருக்கிறது. "நீ சிரித்துப் பேசினால் பக்கத்து நிரை, முறைத்தால் மேட்டு நிரை." இதை என்னிடம் சொன்ன அக்கா, அதை இருபது வருடம் கழித்துத்தான் சொன்னார். அவர் அதுவரை வாய் திறக்காததற்கு நாங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காரணம், நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

இந்தப் புகார் புதிதும் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னே நின்ற அந்தப் போராட்டத்தில், சம்பளத்தை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்ற கோரிக்கைகளோடு, எங்கள் பெண்களிடம் மேலதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. எண்பது வருடத்துக்கு முன்னால் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் பலர் சேர்ந்து வாய் திறந்து கேட்டார்கள். நாம் இன்று கூச்சப்பட என்ன இருக்கிறது?

என்ன செய்வது என்றால்: முடிந்தால் "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லுங்கள், முடியாவிட்டாலும் உங்கள் புகார் செல்லும். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார், அன்றைக்கே எழுதுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். ஆபீசில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும், விசாரிக்க மறுத்தால் காரணத்தை 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். கடமையைச் செய்யாத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். 1 ஜனவரி 2023 முதல் இதைப் பற்றிய அறிவிப்பை வேலை இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், உங்கள் பெரட்டுக் களத்தில் இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள்.

இதைத் தவிர 2022-ஆம் வருடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றமும் இருக்கிறது, 2024 மார்ச் முதல் புகார் வாங்குகிறார்கள், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 15999, தாலியான் காசிஹ் என்கிற உதவித் தொலைபேசி, எந்த நேரமும் எடுப்பார்கள்.

முதலாளியே அப்படி நடந்தால்? கடைக்கு அவர்தான் எல்லாம்.

தனி ஆளாகத் தொழில் நடத்துகிற முதலாளிமேலேயே புகார் என்றால் விசாரிக்க வேண்டியது அவர் இல்லை, தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர். நேராக லேபர் ஆபீசுக்குப் போங்கள்.

புகார் கொடுத்தால் என் வேலை போய்விடுமே?

பயம் நியாயமானது, பொய் சொல்லித் தைரியம் கொடுக்க மாட்டேன். ஆனால் எங்கே சொல்கிறீர்கள் என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. 2010-ஆம் வருடத் தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம், போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் மாதிரி சட்ட அமலாக்கத் துறையிடம் சொல்கிறவருக்கு மூன்று பாதுகாப்பு கொடுக்கிறது: பெயர் வெளியே வராது, சொன்னதற்காக வழக்குப் போட முடியாது, பழி வாங்கவும் கூடாது. இதே விஷயத்தைப் பேஸ்புக்கில் போட்டால், பத்திரிகைக்காரரிடம் சொன்னால், இந்தச் சட்டத்தின் குடை உங்கள் தலைக்கு மேல் இல்லை.

வேலையை விட்டு நிறுத்தியே விட்டார்கள் என்றால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் 1967-ஆம் வருடத் தொழில் உறவுச் சட்டத்தின் பிரிவு 20-இன் கீழ் மனு கொடுக்க வேண்டும். அறுபத்தொன்றாவது நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் உதவாது. "மேனேஜர் மனசு மாறுவார், தைப்பூசம் முடியட்டும்" என்று காத்திருந்து மனு போட முடியாமல் போன மூன்று பேரை எனக்கு நேரில் தெரியும். காத்திருக்காதீர்கள், முதலில் மனுவைப் போடுங்கள், சமாதானம் அப்புறம் பேசலாம். வக்கீல் வேண்டியதில்லை, சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கத்துக்காரர் கூட வருவார்.

வாட்சப் குழுவில் ஆதாரத்தோடு போட்டால் சீக்கிரம் நடவடிக்கை வரும்தானே?

வேண்டாம். சம்பந்தப்பட்டவர் ஆதாரத்தை அழித்துவிடுவார், உங்கள்மேல் அவதூறு என்று திருப்பிவிடுவார், சம்பந்தப்பட்ட பெண்ணின் பெயர் ஊர் முழுக்க ஓடும். கடைசியில் பேச்சு குற்றத்தைப் பற்றி இருக்காது, அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இருக்கும்.

எனக்கு ஷோ-காஸ் (விளக்கம் கேட்கும்) கடிதம் வந்திருக்கிறது. நான் தப்பே செய்யவில்லை, பதில் எழுதாமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. அப்படி இல்லை, கடிதம் கிடைத்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. சந்தேகமாக இருந்தால் "கிடைத்தது, ஒப்புக்கொள்ளவில்லை" என்று பக்கத்தில் எழுதித் தேதி போடுங்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் எழுதுங்கள். தமிழில் எழுதி யாரையாவது மலாயில் மாற்றித் தரச் சொன்னாலும் சரி, நீண்ட கதை வேண்டாம். அன்று எங்கே இருந்தேன், யார் பார்த்தார், என்ன நடந்தது.

அதற்குப் பிறகு உள்விசாரணை, டி.ஐ. என்பார்கள். வேலைச் சட்டப்படி முறையான விசாரணை இல்லாமல் தவறான நடத்தை என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தவோ பதவி இறக்கவோ கூடாது. விசாரணை நடக்கும்போது 2 வாரம் வரை வேலைக்கு வராமல் நிறுத்தி வைக்கலாம், ஆனால் பாதிச் சம்பளமாவது தர வேண்டும், குற்றம் இல்லை என்று முடிந்தால் பிடித்த மீதிப் பாதியையும் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

நியாயமான விசாரணை எப்படி இருக்கும் என்று நான் குறிப்பெடுக்க உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். குற்றச்சாட்டு எழுத்தில், தேதியோடு இருக்கும். "ஒழுங்கில்லை" என்று மொட்டையாக இருக்காது. தயாராக நேரம் கொடுப்பார்கள். புகார் கொடுத்தவரோ, பார்த்த சாட்சியோ விசாரிக்கிற நாற்காலியில் உட்கார மாட்டார். உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்பார்கள், சாட்சியை நீங்கள் குறுக்கே கேள்வி கேட்க விடுவார்கள், உங்கள் சாட்சியையும் கூப்பிடுவார்கள். எழுதிய குறிப்பை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு முறை அதைச் செய்யாமல் முடிக்கப் பார்த்தபோது நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன், வாசித்த பிறகுதான் எடுத்தேன்.

முதலாளி பக்கமும் ஒரு வார்த்தை: தண்டனை தப்புக்கு ஏற்ற அளவு இருக்கட்டும். இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்தவர் ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கும், ஸ்டோரில் பூச்சிமருந்து விற்றதற்கும் ஒரே கடிதம் போகக் கூடாது.

காய்க்குலை வெட்டிவிட்டேன் என்று சம்பளத்தில் இஷ்டத்துக்குப் பிடிக்கிறார்கள். இது சரியா?

சட்டம் அனுமதித்த பிடித்தத்தைத் தவிர வேறு பிடிக்க முடியாது, பிரிவு 24-ஐப் பாருங்கள். இ.பி.எப். (ஓய்வுகாலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), வாங்கிய முன்பணம் போன்றவை சரி. மண்டோர் மனதில் வைத்த தொகை சரியில்லை. பிடித்தது என்ன என்று சம்பள சிலிப்பில் தனித்தனியாக இருக்க வேண்டும், சம்பளம் மாதம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் கையில் வர வேண்டும். இ.பி.எப். பிடித்தார்கள், கட்டினார்களா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம், பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டை ஆபீஸ் பெட்டியில் பத்திரமாக வைக்கிறோம். அவர்கள் நன்மைக்குத்தானே?

அவர்கள் கையில் சாவி இல்லாவிட்டால் அது நன்மைக்கு இல்லை. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966-ஆம் வருடக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். கட்டாய உழைப்புக்கு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் சொல்கிற 11 அடையாளங்களில் ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று, சம்பளத்தை நிறுத்தி வைப்பதும் ஒன்று, கடனில் கட்டிப்போடுவதும் ஒன்று. 2020-இல் மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை உள்ளே விடாமல் நிறுத்தியது இதே காரணத்துக்குத்தான். வேலைச் சட்டத்திலும் பிரிவு 90பி சேர்த்துவிட்டார்கள், கட்டாய உழைப்புக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பூட்டுள்ள சின்னப் பெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், சாவி அவரவர் கையில்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் தாத்தா பாட்டி கங்காணி பின்னால் கடன் சுமையோடு கப்பல் ஏறி வந்தவர்கள். அதே லயத்தில் இன்று வங்காளதேசத்துப் பையனும் இந்தோனேசியப் பெண்ணும் இருக்கிறார்கள். அவர்களை "அவனுங்க" என்று நாமே பேசுவதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது.

என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், சின்னக் குத்தகை. பெரிய விதிப் புத்தகமெல்லாம் எனக்கு எதற்கு?

புத்தகம் வேண்டாம், ஒரு தாள் போதும். ஆனால் அந்தத் தாளைவிட முக்கியம், கணக்கு எல்லோர் கண் முன்னாலும் இருப்பது. நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். வெட்டுக்காரர் குலைக் காம்பில் தன் நம்பரை எழுதுவார், மண்டோர் எண்ணுவார், இது எப்போதும் உள்ளது. நாங்கள் கூடச் செய்தது, அன்றைய எண்ணிக்கையை மறுநாள் பெரட்டில் கரும்பலகையில் நம்பர் வாரியாக எழுதிப்போட்டோம். முதல் வாரம் காலையில் ஒரே சத்தம், "என்னது எண்பத்து மூணு, நான் தொண்ணூறு வெட்டினேன்" என்று. இரண்டாவது மாதம் சத்தமே இல்லை. மண்டோர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லாமல் போனது.

இதே வழியில் மற்றதையும் செய்யலாம். டீசல் ஊற்றும்போது மீட்டர் எண்ணை டிரைவரும் எழுதட்டும், ஸ்டோர்காரரும் எழுதட்டும். உர மூட்டை இறங்கும்போது எண்ணுகிறவர் ஒருவர், காலி மூட்டையைத் திரும்ப எண்ணுகிறவர் வேறொருவர். பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது. வேலைக்குச் சேரும் அன்றே விதியை அவரவர் மொழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள், நேப்பாளப் பையனுக்குத் தமிழில் சொல்லிப் பிரயோஜனமில்லை. உங்களைப் பற்றியே புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். 2020 ஜனவரி முதல் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம், அதிலும் புகார் வாங்கித் தீர்க்கிற முறை இருக்கிறதா என்று கேட்பார்கள், அதனால் இது வீண் வேலை இல்லை.

அப்புறம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் எட்டுப் பேரும் பார்ப்பார்கள். கம்பெனி லோரியில் உங்கள் வீட்டுக்கு மணல் இறக்கிவிட்டு, டீசல் திருடாதே என்று சொன்னால் யார் கேட்பார்?

யாராவது பொய்ப் புகார் கொடுத்தால்?

விசாரணையில் தெரிந்துவிடும். தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் அதற்கும் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. சாட்சி இல்லாததால் நிற்காத புகாருக்காக அந்தப் பெண்ணைத் தண்டித்தால் அடுத்த பத்து வருடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒழுங்காக இருப்பவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? தண்டனை மட்டும் போதுமா?

போதாது, இதை யாருமே கேட்பதில்லை என்பதால் நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். ஒரு மருந்தடிக்கும் அக்கா, கையுறை கிழிந்திருக்கிறது, புதிது தராமல் போக மாட்டேன் என்று நிரை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மண்டோர் கத்தினார், மற்றவர்கள் சிரித்தார்கள். துணை மேனேஜர், சின்ன வயது, வந்து பார்த்துவிட்டு அன்றைய வேலையையே நிறுத்தினார். மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும், "அக்கா சொன்னது சரி, கையுறை இல்லாமல் யாரையும் நான் அனுப்ப மாட்டேன்" என்றார். அரைநாள் சம்பளத்தையும் பிடிக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் கிழிந்த பூட்ஸ், ஒழுகும் டப்பா, பிரேக் பிடிக்காத டிராக்டர் என்று ஆபீசுக்குப் பதினோரு புகார் வந்தது. நான்தான் எழுதி வாங்கினேன். அதுவரை ஒரு வருடத்தில் மூன்றுகூட வந்ததில்லை.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கடைசி மூன்று மாதச் சம்பள சிலிப், வேலை ஒப்பந்தம், வந்த கடிதங்கள், நீங்கள் எழுதி வைத்த நோட்டு இருந்தால் அதுவும். பழையதாக இருந்தாலும், எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும், என்னிடமும் கொடுக்காதீர்கள். லேபர் ஆபீசுக்குப் போக நேரமில்லாதவர்கள் மனிதவள அமைச்சின் ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ் செயலியில் கைப்பேசியிலிருந்தே புகார் பதியலாம், அதற்கும் உதவுகிறேன். காலை பூஜை எட்டரைக்கு முடியும், அதன் பிறகு மண்டபத்தின் பின்பக்க மேசையில் இருப்பேன். தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள், என் மனைவியும் கூட இருப்பார், பெண்கள் அவரிடம் பேசலாம்.